ஸ்லைடு காய்வதற்குள்

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் காவலாளி உதட்டைப் பிதுக்குவார். ‘உடனேக்கா’ என்று கேட்டால் போதும், கீழ்த்தளத்துக்கு வழிகாட்ட நாலு கைகள் நீளும்.

அந்தப் பட்டம் அவளே தேடிக்கொண்டது. புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொரு நர்ஸிடமும் அவள் பேசுகிற முதல் வார்த்தை ‘உடனே’. உடனே போடுங்க. ஸ்லைடில் தேய்த்த கையோடு, மூக்கைச் சொறிவதற்கு முன்னால், ‘இத எங்க வைக்கட்டும்’ என்று கேட்பதற்கு முன்னால், உடனே ஸ்பிரிட் சாடியில் போடுங்க. கேட்டுக் கேட்டு நர்ஸ்களுக்குக் காது புளித்துவிட்டது. அவள் வராந்தாவில் வரும்போதே ‘உடனே வருது’ என்று ஒருவருக்கொருவர் கண்ணடித்துக்கொள்வார்கள். அவளுக்கும் தெரியும். “கிண்டல் பண்ணுங்க. போட்டுட்டுக் கிண்டல் பண்ணுங்க” என்பாள்.

அவளுடைய வேலை இதுதான். கட்டி, வீக்கம் என்று வருகிறவர்களின் உடம்பிலிருந்து டாக்டர் மெல்லிய ஊசியால் ஒரு துளி எடுப்பார். அந்தத் துளியை அவள் கண்ணாடி ஸ்லைடில் வாங்கி, இன்னொரு ஸ்லைடை அதன்மேல் படுக்கவைத்து, ஒரே இழுப்பில் இழுப்பாள். அழுத்தினால் செல்கள் நசுங்கிப்போகும். கனமாக விட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். நெரிசலில் மாட்டிய கூட்டத்தைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தலைகளாகத்தான் தெரியும், முகம் தெரியாது. பரவலாக நிறுத்தினால்தான் யார் எவர் என்று அடையாளம் சொல்லலாம்.

பரப்பிய பிறகுதான் ஓட்டம். ஈரத்திலேயே பிறந்து வளர்ந்த செல்லுக்குக் காற்று ஆகாது. ஸ்லைடின் மேலிருக்கும் பளபளப்பு மறைவதற்குள் ஸ்பிரிட்டுக்குள் போய்விட்டால், அது கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே நின்றுவிடும். சாயம் ஏற்றி, மேலே மெல்லிய மூடு கண்ணாடி ஒட்டி வைத்துவிட்டால் பல வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் அதே முகம். காய்ந்துவிட்டால் ஊதிப்போகும். உட்கருவின் ஓரமும் உள்ளே இருக்கும் நுணுக்கமும் ஈரக்கை பட்ட சாக்பீஸ் எழுத்துபோல மங்கிவிடும். சாதுவான செல்கூட ஆளைப் பயமுறுத்தும் அளவுக்குப் பெரிதாகத் தெரியும்.

எல்லா ஸ்லைடுக்கும் இந்த அவசரம் கிடையாது. நாலு எடுத்தால் ஒன்றை வேண்டுமென்றே காயவிடுவார்கள். அதற்கு வேறு நீலச் சாயம். அது கூட்டத்தைக் காட்டும். முகத்தைக் காட்டுவது ஈரத்தோடு போட்ட மற்ற மூன்றும்தான்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. எக்ஸ்ரே படிப்புக்கு வரிசையில் நின்றாள். ஜன்னலை நெருங்கும்போது இடம் தீர்ந்துவிட்டது. “லேப் படிப்பு இருக்கு, வேணுமா? பின்னால ஆள் நிக்கறாங்க” என்று உள்ளேயிருந்த குரல் அவசரப்படுத்தியது. சரி என்று தலையாட்டினாள். எக்ஸ்ரேக்காரர்கள்மேல் அவளுக்கு இன்றைக்கும் லேசான பொறாமை உண்டு. எலும்பு காய்ந்துபோகாது.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்லைடில் இருக்கும் எண்ணை மட்டும்தான் பார்ப்பாள். யாருடையது என்று கேட்கமாட்டாள். “பேரப் பாத்தா மூஞ்சி ஞாபகம் வரும். மூஞ்சி ஞாபகம் வந்தா கை ஞாபகம் போயிடும்” என்று எதிர் மேஜையில் வேலை செய்யும் தாடியிடம் சொல்லியிருக்கிறாள். தாடி அவள் வயதுக்காரர். வாய்திறந்து பேசுவது அபூர்வம். அவர் முகத்தில் முளைத்திருந்த அளவுக்கு வார்த்தை முளைக்கவில்லை என்பது உடனேக்காவின் குற்றச்சாட்டு.

வீட்டில் அவள் மூத்த மருமகள். மோட்டார் பழுது பார்க்கும் கடையை அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். அண்ணன் குடும்பம் கீழே, தம்பி குடும்பம் மாடியில், சமையலறை ஒன்றே ஒன்று, அதுவும் கீழே. ஒரு உறைக்குள் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். இந்த வீட்டில் இருந்தது, அவ்வப்போது உரசிக்கொண்டு. டப்பாக்களின்மேல் உடனேக்கா பென்சிலால்தான் எழுதுவாள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும் என்ற தொழில் பழக்கம்.

“சமையல்கட்டுல யாருக்கா ஸ்பிரிட் ஊத்தப் போறா?” என்பாள் அவளுடைய ஓரகத்தி. மங்கிய பென்சில் எழுத்தைப் படிக்க முடியாமல் ஒருநாள் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரையைக் குழம்பில் கொட்டிவிட்டு, அதை உடனேக்காவின் கணக்கிலேயே எழுதிவிட்டவள் அவள்.

அந்த ஓரகத்தியை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் பிழைப்பு. அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்க, எதிரே வரும் லாரியைக் குறிவைத்து வண்டியைத் திருப்புகிறவர்கள் உண்டு. அப்போதும் அவள் குரல் ஏறாது. “பரவால்ல, லாரிக்காரருக்கும் குடும்பம் இருக்கும், கொஞ்சம் இடது பக்கமா வாங்க” என்பாள். தினமும் எமனோடு பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பழகியவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம். ஊசி. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தவர்களுக்குப் பயந்து கழிவறையில் ஒளிந்துகொண்ட கதையை அவளே சிரித்துச் சிரித்துச் சொல்வாள். சொல்லும்போதே கை தோளை மூடிக்கொள்ளும்.

ஒரு நாள் காலையில் சின்னவள் பாட்டிலை அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தின் ஒரு பக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கியதை உடனேக்கா பார்த்தாள்.

“இன்னொரு வாய் குடி.”

“எதுக்கு?”

“குடிடீ.”

குடித்தாள். மறுபடி ஏறி இறங்கியது. உடனேக்கா தொட்டுப் பார்த்தாள். வலிக்கவில்லை என்றாள் சின்னவள். அதனால்தான் உடனேக்காவுக்குப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாவற்றுக்கும் எப்படியோ வந்தவள், ஊசியால் குத்தி எடுத்துப் பார்க்கவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் படியேறி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உடனேக்கா கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசினாள்.

“எறும்பு கடிக்கற மாதிரிதான் இருக்கும்.”

“எறும்பு கடிச்சா நசுக்கிடுவேன். டாக்டர நசுக்க விடுவியா?”

“ஒரே குத்து. நான் பொறுப்பு.”

உள்ளேயிருந்து காலடிச் சத்தம் கதவருகே வந்தது. பிறகு, “நீ கூட இருப்பல்ல?” என்று கேட்டது.

“நான் இல்லாம வேற யாரு?”

கதவு திறந்தது.

குத்தும் நாளன்று தாடி வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்தார். “இன்னைக்கு நீங்க சொந்தக்காரங்க. வெளிய நில்லுங்க. ஸ்லைடு நான் பண்றேன்.”

“ஊர்ல இருக்கறவங்க துளியெல்லாம் என் கையால தேச்சிருக்கேன். என் வீட்டுத் துளிய உங்க கைல குடுத்துட்டு வராந்தால நிக்கவா?”

“பேரே பாக்கமாட்டேன்னு சொல்வீங்க.”

“பேரு எதுக்கு? ஆளே படுத்திருக்கா” என்று சொல்லிவிட்டு உடனேக்கா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

சின்ன அறை. ஒரு கட்டில், சக்கரம் வைத்த ஒரு மேஜை, மேலே மின்விசிறி. ஊசி அறைக்குள் நுழைந்ததும் விசிறியை நிறுத்துவதுதான் உடனேக்காவின் முதல் வேலை. ஸ்லைடுக்குக் காற்றைவிடப் பெரிய எதிரி இல்லை. அன்று சின்னவள் தோளுக்கு அடியில் தலையணையை வைத்துக் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தாள். நெற்றியிலிருந்து வேர்வை காதுக்குள் ஓடியது. “அக்கா, காத்து” என்றாள். உடனேக்கா விசிறியைப் போட்டுவிட்டாள்.

“முழுங்காதீங்க. பேசாதீங்க” என்றார் டாக்டரம்மா. இரண்டாவது கட்டளைதான் சின்னவளுக்குக் கஷ்டம் என்பது உடனேக்காவுக்குத் தெரியும்.

ஊசி உள்ளே போயிற்று, வெளியே வந்தது. டாக்டரம்மா நாலு ஸ்லைடிலும் துளி வைத்துவிட்டுக் கழுத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தார். உடனேக்காவின் கை தானாக ஓடியது. வைத்தாள், இழுத்தாள், வைத்தாள், இழுத்தாள். நாலும் மெல்லிய படலமாக, ஈரமாக, பளபளவென்று நின்றன. ஒன்றைக் காய்வதற்கு ஒதுக்கினாள். மற்ற மூன்றையும் எடுத்து ஸ்பிரிட் சாடிக்குக் கொண்டுபோகவேண்டியதுதான்.

அப்போது சின்னவளின் கை காற்றில் துழாவியது. கண்ணை இறுக மூடியிருந்தாள். கண்ணோரத்தில் நீர் திரண்டிருந்தது. துழாவிய கை உடனேக்காவின் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தது. “அக்கா” என்றது வாய், சத்தமே வராமல்.

உடனேக்கா மூன்று ஸ்லைடுகளையும் தட்டிலேயே விட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி எறிந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பனிக்கட்டிபோல இருந்தது. “முடிஞ்சிடுச்சு. அவ்ளோதான். இங்க பாரு, முடிஞ்சிடுச்சு” என்று தலையைத் தடவினாள். தலைக்கு மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தபோது நாலு ஸ்லைடும் ஒரே மாதிரி இருந்தன. பளபளப்புப் போய், சோப்பு நுரை காய்ந்த ஜன்னல் கண்ணாடிபோல.

டாக்டரம்மா முதுகைத் திருப்பிக் கை கழுவிக்கொண்டிருந்தார். உடனேக்கா ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினாள். காய்ந்ததை உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நனைத்து, பிறகு ஸ்பிரிட்டில் போட்டால் சில சமயம் செல் பழைய உருவத்துக்குத் திரும்பும். உடனே செய்தால். தாடி அவள் கையில் உப்புத் தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இன்னொரு சுத்தமான சாடியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

வெளியே சின்னவள் கழுத்தில் பிளாஸ்திரியோடு, போனில் புருஷனிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். “இவ்ளோதாங்க விஷயம். இதுக்குப் போயா மூணு நாள் சாப்பாடு எறங்காம கெடந்தேன்? அக்கா சொன்ன மாதிரியே ஒரே குத்து.”

மறுநாள் காலையில் சாயம் ஏற்றிய ஸ்லைடுகளை டாக்டரம்மா நுண்ணோக்கியில் வைத்து நெடுநேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். உடனேக்கா முந்தின நாளே பார்த்திருந்தாள். நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது அவள் வேலையல்ல. ஸ்லைடு தேறுமா தேறாதா என்பது தெரியும். தேறாது. உப்புத் தண்ணீர் காப்பாற்றவில்லை.

“மூணுமே மங்கலா இருக்கேம்மா” என்றார் டாக்டரம்மா, கண்ணை எடுக்காமல். “ரத்தம் அதிகமாக் கலந்துடுச்சா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. துளியில் ரத்தம் கலப்பது யார் குற்றமும் இல்லை, அது நோயாளியின் தலையெழுத்தில் சேர்ந்துவிடும். மறுபடி எடுக்கவேண்டும் என்று அறிக்கை வரும். சின்னவள் ரத்தத்தைத் திட்டுவாள், டாக்டரைத் திட்டுவாள். உடனேக்காவின் தோளில் சாய்ந்து அழவும் செய்வாள்.

“இல்ல டாக்டர். ஸ்பிரிட்ல போட லேட் பண்ணிட்டேன். காஞ்சிடுச்சு.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். “நீங்களா?”

“நான்தான். அவ கையப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்பத் தெரியறத வெச்சு எழுதணும்னா சந்தேகம்னுதான் எழுதணும். அப்படி எழுதினா அடுத்தது ஆபரேஷன் பேச்சு வரும். செல்லெல்லாம் பெருசாத் தெரியுது. காஞ்சதால பெருசா, உண்மையாவே பெருசான்னு என்னால சொல்ல முடியல. மறுபடி எடுத்துத்தான் ஆகணும். குத்தின எடம் ஆறட்டும், நாலு வாரம் போகட்டும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்க வீட்ல நான் சொல்லட்டுமா?” என்றார்.

“வேணாம் டாக்டர். நானே சொல்றேன்.”

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல், சின்னவள் வண்டி கற்றுக்கொடுக்கும் மைதானத்துக்கு நேராகப் போனாள். கடைசி ஆள் இறங்கிப் போயிருந்தார். சின்னவள் தன் வழக்கமான இடத்தில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியில் பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு இடம் இல்லாமல் உடனேக்கா ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

“என்னக்கா, வண்டி கத்துக்கலாம்னு வந்தியா? காலைக் கீழ வைக்காத. எதையாவது மிதிச்சுத் தொலைப்ப.”

உடனேக்கா சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. விசிறி, கை, ஸ்லைடு, டாக்டரம்மா, எல்லாவற்றையும் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள்.

சின்னவள் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது வீட்டில் கரண்ட் போவதுபோல, அந்தக் கணமே தெரிந்துவிடும்.

“என் கைய எதுக்குப் பிடிச்ச?” என்றாள் கடைசியில்.

“நீ தேடின.”

“நான் ஆயிரம் தேடுவேன். கண்ண மூடிக்கிட்டா நாய்க்குட்டிகூடத்தான் தேடும். உன் வேல என்ன?”

உடனேக்கா ஸ்டியரிங் உறையை நகத்தால் சுரண்டினாள்.

“ஒரே குத்துன்னு சொன்ன. உன்ன நம்பி வந்தேன். வாழ்க்கைல நான் ரெண்டு பேருக்குத்தான் கழுத்த நீட்டியிருக்கேன். ஒண்ணு உன் கொழுந்தனுக்கு, இன்னொண்ணு உனக்கு. ரெண்டுமே உருப்படல.”

உடனேக்காவின் உதடு துடித்தது, சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாமல்.

“சிரிக்காத. நான் கோவமா இருக்கேன்.” சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு வேறொரு குரலில் கேட்டாள். “பெருசாத் தெரியுதுன்னு சொன்னாங்களே. அப்ப இருக்கா?”

“தெரியல. அதான் நெஜம். தெரியாமப் போனதுக்குக் காரணம் நான்.”

சின்னவள் கதவைத் திறந்து இறங்கி, மைதானத்தைக் குறுக்கே கடந்து, வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். சாவி வண்டியிலேயே தொங்கியது. உடனேக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பூட்டவும் தெரியாது. விட்டுவிட்டும் போக முடியாது. கொழுந்தன் கடையைச் சாத்திவிட்டுத் தேடிக்கொண்டு வரும்வரை, ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்தபடி, எங்கும் போகாத வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

கொழுந்தன் கதவைத் திறந்தான். “நகருங்க அண்ணி” என்று மட்டும் சொன்னான். வழியில், “அவ அழுதுக்கிட்டு இருக்கா. உங்களத் திட்டல. அதான் எனக்கு பயமா இருக்கு” என்றான்.

அடுத்த சில நாட்கள் வீடு பஞ்சு வைத்துக் கட்டியதுபோல இருந்தது. சின்னவள் சமையலறைக்கு வருவாள், தன் பங்கு வேலையைச் செய்வாள், தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். உடனேக்காவின் கண் அவள் கழுத்துக்குத்தான் போகும். சின்னவள் ஒரு துணியை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

“பாக்காத. நீ பாக்கறது சுடுது.”

அதுதான் அத்தனை நாளில் அவள் பேசிய முதல் வாக்கியம். உடனேக்கா அதைக்கூட ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள்.

ஆய்வகத்தில் அவள் வேகம் குறைந்தது. ஒவ்வொரு ஸ்லைடையும் போட்ட பிறகு சாடிக்குள் எட்டிப் பார்த்து எண்ணினாள். நர்ஸ்களிடம் ‘உடனே’ என்று சொல்ல வாய் எடுப்பாள், பாதியில் விழுங்கிவிடுவாள். ஒரு நர்ஸ் தாங்கமாட்டாமல், “என்னக்கா, நாங்க லேட் பண்ணலாமா இனிமே?” என்று கேட்டாள். “பண்ணுங்க, கைய ஒடிக்கறேன்” என்றாள் உடனேக்கா. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

நாலு வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் சின்னவள் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, திரும்பாமலே கேட்டாள்.

“எத்தன மணிக்கு வரணும்?”

உடனேக்கா நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். “பத்து மணிக்கு.” பிறகு, நாலு வாரமாகத் தனக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னாள். “நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். தாடி இருக்காரில்ல, அவருக்குக் கை சுத்தம். ஸ்லைடு அவர் பண்ணட்டும். நான் உன் பக்கத்துல நின்னு கையப் பிடிச்சுக்கறேன். ரெண்டும் ஒழுங்கா நடக்கும்.”

நியாயமான யோசனை. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

சின்னவள் டீயை இரண்டு குவளையில் ஊற்றினாள். தன்னுடையதை எடுத்துக்கொண்டு மாடிப்படிவரை போய், அங்கேயே நின்றாள்.

“வேணாம். தாடி என் கையப் பிடிக்கட்டும். நீ கண்ணாடியப் பிடி.”

“அந்த ஆள் கையையா?”

“கைதான? யார் கையா இருந்தா என்ன? குத்தற நேரத்துல நசுக்கறதுக்கு ஏதாவது வேணும், அவ்ளோதான்.” ஒரு படி ஏறினாள். “ஆனா அந்தக் கண்ணாடில இருக்கறது நான். அத வேற ஒருத்தர் கைல குடுக்கமாட்டேன்.”

உடனேக்கா டீயைக் குடித்ததாக ஞாபகமில்லை. குவளை காலியாகத்தான் இருந்தது.

குறித்த நாளில் பத்து மணிக்கு அதே அறை, அதே கட்டில். உடனேக்கா உள்ளே நுழைந்ததும் விசிறியை நிறுத்தினாள். “அக்கா, வேர்க்குது” என்றாள் சின்னவள். “வேர்க்கட்டும்” என்றாள் உடனேக்கா.

தாடியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் காது சிவந்துபோயிருந்தது. கட்டிலின் மறுபக்கம் நின்று, கூட்டமான பஸ்ஸில் கம்பியை நீட்டுவதுபோலக் கையை விறைப்பாக நீட்டினார். சின்னவள் அதை ஒருமுறை கண்ணால் அளந்து பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் கல்யாணம் ஆகலையாமே உங்களுக்கு? இந்தக் கைய வெச்சுக்கிட்டா இத்தன நாள் சும்மா இருக்கீங்க?”

“பேசாதீங்க” என்றார் டாக்டரம்மா. “முழுங்கவும் கூடாது.”

ஊசி போன கணத்தில் தாடி “ம்ம்” என்று முனகினார். நசுக்கப்போகிறேன் என்று சொன்னவள் வாக்குத் தவறவில்லை. உடனேக்கா திரும்பவில்லை. அவளுக்கு முன்னால் நாலு ஸ்லைடு இருந்தது, துளி விழுந்தது, அவ்வளவுதான் உலகம். பின்னால் மூச்சு இழுபடுவது கேட்டது. ஒரு விசும்பல் கேட்டது. அந்த விசும்பலுக்குப் போக முதுகுத்தண்டு முழுக்கத் தவித்தது. வைத்தாள், இழுத்தாள். பளபளப்பு இருக்கும்போதே முதல் ஸ்லைடு சாடிக்குள் இறங்கிற்று. இரண்டாவது. மூன்றாவது. நாலாவதைக் காய்வதற்கு ஒதுக்கினாள். சாடிக்குள் குனிந்து மூன்றையும் பார்த்தாள்.

“போட்டுட்டேன்” என்றாள்.

அதைக் கேட்ட பிறகுதான் சின்னவள் எச்சிலை விழுங்கினாள்.

முடிவை மறுநாள் போனில் கேட்க சின்னவள் சம்மதிக்கவில்லை. வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டு நேரில் வந்து, ஆய்வகத்து வாசலில் நின்றாள். உள்ளே டாக்டரம்மா குனிந்திருந்தார். ஸ்லைடு மெல்ல இடமும் வலமும் நகர்ந்தது. உடனேக்கா அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் வந்தால் அந்த விரல் நின்றுவிடும். முதல் ஸ்லைடில் நிற்கவில்லை. இரண்டாவதிலும் நிற்கவில்லை. மூன்றாவதை முழுக்கப் பார்த்து முடித்துவிட்டு டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளினார்.

“பயப்பட ஒண்ணும் இல்ல. சாதாரணக் கட்டிதான். வெட்டவேண்டிய அவசியம் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேன்ல பாத்துக்கலாம்.” பிறகு உடனேக்காவைப் பார்த்து, “நல்ல ஸ்லைடு” என்றார்.

உடனேக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்றவள் அழவில்லை. கழுத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “நான் பாக்கலாமா?” என்று கேட்டாள்.

டாக்டரம்மா எழுந்து இடம் கொடுத்தார். சின்னவள் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தாள். உடனேக்கா பின்னாலிருந்து கையை நீட்டித் திருகைத் திருப்பித் தெளிவாக்கினாள்.

“தெரியுதா?”

“தேன்கூடு மாதிரி ஏதோ இருக்கு. நடுவுல நடுவுல நீலமா.”

“அதான்.”

“எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குதே. இப்படித்தான் நிக்கணுமா?”

“அப்படித்தான் நிக்கணும். பிரிஞ்சு பிரிஞ்சு ஓடினாத்தான் கவலை.”

சின்னவள் கண்ணை எடுக்கவில்லை. வாசலில் ஒரு நர்ஸ் சாம்பிள் புட்டியோடு வந்து நின்றாள். தாடி வலது கையை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார். அடுத்த ஸ்லைடுகள் காத்திருந்தன.

“பொறுங்க, என்னத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றாள் சின்னவள். பிறகு, “இத என்ன பண்ணுவீங்கக்கா, தூக்கிப் போட்டுடுவீங்களா?”

“ஏன் போடறோம்? அலமாரில வெச்சிருப்போம். பல வருஷம் அப்படியே இருக்கும்.”

“இங்கயேவா? உங்கூடவா?”

“எங்கூடத்தான்.”

சின்னவள் யோசித்தாள். “வீட்லயும் உங்கூட, இங்கயும் உங்கூட” என்று முணுமுணுத்துவிட்டு, மற்றக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி குனிந்தாள். உடனேக்கா நர்ஸைப் பார்த்து, “அதத் தேச்சு முதல்ல ஸ்பிரிட்ல போடுங்க, உடனே” என்றாள். முக்காலியிலிருந்து சின்னவளை எழுப்பவில்லை.